கப்பலை அளக்கும் கண் யாருடைய கண்?

கடலிலே களவு செய்வோனுக்குப் பழங்காலந்தொட்டு இரண்டு கூட்டாளிகள் இருந்தனர். ஒன்று இருள், மற்றது முகில். இவ்விரண்டையும் ஊடறுத்துப் பார்க்கும் கண்ணொன்று இன்று வானத்திலே சுழன்றுகொண்டிருக்கின்றது. ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து றேடார் அலைகளைக் கீழே ஏவி, கடலிலே மிதக்கும் உருக்கு உடல்கள் அவ்வலைகளைத் தெறித்துத் திருப்பியனுப்பும் ஒளிர்வைச் சென்ரினல்-1 எனும் ஐரோப்பியச் செய்மதி படமாக எடுக்கின்றது. அப்படங்களை மனிதர் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பார்த்து முடிக்க அவர்தம் ஆயுள் போதாது. கணினிக்குக் கற்பித்து வைத்திருக்கின்றனர். கரிய கடலிலே கிடக்கும் வெண்பொட்டைக் காட்டினால், இது கப்பல், இது பாறை, இது எண்ணெய்க் கிணற்று மேடை என்று அது பிரித்துச் சொல்கின்றது. கப்பலாயின் அதன் நீளம் இத்தனை மீற்றர் என்றும் சொல்கின்றது. கயிறு பிடியாமல், கப்பலிலே கால் வையாமல், கப்பற்றலைவனை ஒரு வார்த்தை கேளாமல் கப்பலை அளக்கும் வித்தை மனிதனுக்குக் கைவந்துவிட்டது.

இவ்வித்தையைப் பற்றி நமது நாட்டிலே பேச்சு மிகக் குறைவு. பேசுகின்ற சிலரும் இரு கட்சியாக நின்று பேசுகின்றனர். "இயந்திரம் வந்துவிட்டது, இனிக் கடலிலே கள்ளனுக்கு இடமில்லை" என்று கைகொட்டுவோர் ஒரு கட்சி. "இஃதெல்லாம் பெரிய நாட்டார் விளையாட்டு, நமக்கென்ன?" என்று முகந் திருப்புவோர் மறு கட்சி. இரு கட்சியாரோடும் எமக்கு வழக்குண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்ந்த மக்கள் நாம். கடலிலே அளவு நடக்கும்போது, அளவுகோல் யார் கையில் இருக்கின்றது என்று கேளாமலிருப்பது எமக்கு அழகன்று.

அளவுகோலைப் பற்றிய சண்டை புதியதன்று. பிரித்தானியாவின் கப்பற் சட்ட வரலாற்றைப் புரட்டுவோர் இதனைக் காண்பர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அந்நாட்டார் கப்பலின் தொன் அளவைக் கணித்த முறை யாது? நீளத்தை அளந்தனர், அகலத்தை அளந்தனர், ஆழத்தை அளக்கவே இல்லை. ஆழம் அகலத்திற் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்தனர். வரியும் துறைமுகக் கூலியும் தொன் அளவைப் பொறுத்தவை. கப்பற் சொந்தக்காரர் சும்மா இருப்பரா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டிக் கட்டினர். சட்டத்தின் ஏட்டிலே சிறிதாகவும் சரக்கேற்றும் துறையிலே பெரிதாகவும் விளங்கிய அக்கப்பல்கள், ஒடுங்கி உயர்ந்து, காற்றடித்தாற் கள்ளுண்டவன்போலத் தள்ளாடின. 1854ஆம் ஆண்டின் வாணிபக் கப்பற் சட்டம் மூர்சம் என்பாரின் முறையைக் கொண்டுவந்து, கப்பலின் உள்ளிடத்தையே அளக்கச் செய்யும்வரை இச்சூழ்ச்சி ஓயவில்லை.

அதற்குப் பின் நடந்தது இன்னும் வேடிக்கை. அளவுக்கு மிஞ்சிச் சரக்கேற்றி மாலுமிகளைக் கடலுக்கு இரைகொடுத்த சொந்தக்காரரை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சோல் பாராளுமன்றத்திலே போராடினார். அதன் பயனாக 1876இல் ஒரு சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்திலே பாரக்கோடு இடவேண்டும் என்றது அச்சட்டம். எங்கே இடுவது? சொந்தக்காரன் விரும்பிய இடத்திலே! பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1890இலேதான் கோட்டின் இடத்தைச் சட்டம் தன் கையில் எடுத்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில், சொந்தக்காரன் தன் மனம்போல இட்ட கோட்டை நம்பிக் கப்பலேறிய மாலுமியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்றைய கடற் சட்டமும் பெரும்பகுதி சொந்தக்காரன் இட்ட கோட்டையே நம்பி நிற்கின்றது என்பது எமது முதற் குற்றச்சாட்டு. தன்னியக்க அடையாள முறைமை என்றொரு கருவி உண்டு, ஏ.ஐ.எஸ். என்று மாலுமிகள் வழங்குவர். கப்பலின் பெயர், இருப்பிடம், வேகம், நீளம், அகலம் யாவற்றையும் வானொலி அலையிலே சொல்லிக்கொண்டு செல்லும் கருவி அது. சர்வதேசப் பயணஞ் செய்யும் 300 தொன் கப்பலும் அதற்கு மேற்பட்டதும் அதனைப் பூட்டியிருத்தல் வேண்டும் என்பது உலக உடன்பாடு. மீன்பிடிக் கலங்களைப் பொறுத்தவரையிலோ, பெரும்பாலும் அந்தந்த நாட்டின் விருப்பமே சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 15 மீற்றருக்கு மேற்பட்ட தன் மீன்பிடிக் கலங்கள் யாவும் அதனைப் பூட்டல் கட்டாயம் என்றது. வேறு பல நாடுகள் அவ்வளவும் செய்யவில்லை. பூட்டியவனும் அதை நிறுத்த வேண்டுமாயின் விசையைத் தட்டினாற் போதும். பொய் நீளத்தையும் பொய்ப் பெயரையும் பதிவது விரல்நுனி வேலை. உள்ளே அமுக்கிய மரக்காலைக் கொண்டுவந்து வைத்து, அளந்துகொள்ளுங்கள் என்று சிரிக்கும் வியாபாரியைச் சந்தையிலே கண்டிருக்கிறோம். கடலிலே அவனுக்குக் கொடியும் உண்டு.

இத்தகைய உலகிலேதான் வானத்துக் கண் வந்தது. 2024 ஜனவரியில் 'நேச்சர்' எனும் அறிவியல் ஏட்டிலே வெளிவந்த ஆய்வு ஒன்று, குளோபல் பிஷிங் வொட்ச் எனும் அமைப்பைச் சேர்ந்தோர் தலைமையிற் செய்யப்பட்டது. 2017 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட செய்மதிப் படங்கள், 20 இலட்சம் கிகாபைற் அளவுடையவை, இயந்திரத்தின் முன் வைக்கப்பட்டன. இயந்திரம் கண்ட கலங்களை, அவை தாமே வானொலியிற் சொன்ன இருப்பிடங்களோடு ஒப்பிட்டனர். முடிவு என்ன? உலகின் பெருந்தொழில் மீன்பிடிக் கலங்களிலே நூற்றுக்கு 72 முதல் 76 வரையானவை பொதுக் கண்காணிப்பு ஏட்டிலே தலைகாட்டாதவை! சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் முதலியவற்றிலும் நூற்றுக்கு 21 முதல் 30 வரை அவ்வாறே. இதுவரை உலகம் பார்த்துக்கொண்டிருந்த மீன்பிடிப் படத்திலே ஐரோப்பாவும் ஆசியாவும் ஏறக்குறைய ஒரே அளவு மீன்பிடிப்பதாகத் தோன்றிற்று. இயந்திரம் அளந்தபோதோ, கண்ட பத்து மீன்பிடிக் கலங்களில் ஏழு ஆசியாவிலும் ஒன்று ஐரோப்பாவிலும் இருந்தன.

இங்கே சட்டம் கற்றவர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. ஏட்டிலே தலைகாட்டாத கலம் யாவும் கள்ளக் கலமன்று. கருவி பூட்டவேண்டும் என்று தன் நாட்டுச் சட்டமே கேளாதபோது, பூட்டாதவனைக் குற்றவாளி என்பதற்கில்லை. இதனை அவ்வாய்வாளரும் மறைக்கவில்லை. ஆயினும் நாற்பங்கில் மூன்று பங்கு இருளில் இருக்க, எஞ்சிய ஒரு பங்கை வைத்துக்கொண்டு உலகக் கடலின் மீன்வளத்தைப் பங்கிட்ட மாநாடுகளை எண்ணும்போது சிரிப்பு வருகின்றது. சிறு வள்ளக்காரனை எண்ணும்போது அச்சிரிப்பு நின்றுவிடுகின்றது.

சிறு வள்ளக்காரனுக்கு என்ன நேரும் என்பதற்கு வடகொரியக் கடலே சாட்சி. 2017இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, வடகொரியா தன் கடலுணவை விற்பதையும், தன் கடலிலே மீன்பிடிக்கும் உரிமையைப் பிறருக்கு விற்பதையும் தடைசெய்தது. தடை காகிதத்திலே இருந்தது. கடலிலே இருந்தது என்ன? 2020 யூலையில் 'சயன்ஸ் அட்வான்சஸ்' எனும் ஏட்டிலே வெளிவந்த ஆய்வு அதனைப் போட்டுடைத்தது. றேடார்ப் படம், பகலொளிப் படம், இரவிலே விளக்கொளியைக் காணும் செய்மதிப் படம், கப்பல்களின் வானொலிச் செய்தி ஆகிய நான்கையும் அடுக்கி, இணையாகச் சென்று வலையிழுக்கும் கலங்களின் தோற்றத்தை இயந்திரத்துக்குக் கற்பித்து எண்ணினர். 2017இல் சீனாவிலிருந்து வந்த 900க்கு மேற்பட்ட கலங்கள். 2018இல் 700க்கு மேற்பட்டவை. அவை வாரிச் சென்ற கணவாய் 1,60,000 தொன்னுக்கு மேல் என்றும், அதன் பெறுமதி 44 கோடி டொலருக்கு மேல் என்றும் மதிப்பிட்டனர். யப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து பிடித்த கணவாய்க்கு அது ஏறக்குறையச் சமன்.

வடகொரியக் கடற்றொழிலாளன் எங்கே போனான்? அவனிடம் இருந்தது மரவள்ளம். வலிய உருக்குக் கலங்களோடு தன் கடலிலே போட்டியிட இயலாமல், தூரக்கடலுக்கு ஏற்றதல்லாத அவ்வள்ளத்தோடு ருசியக் கடற்பக்கம் தள்ளப்பட்டான். 2018இல் மாத்திரம் சுமார் 3000 வள்ளங்கள் அவ்வாறு போயின. 2014 முதல் 2018 வரையான ஐந்தாண்டில் 500க்கு மேற்பட்ட வடகொரிய வள்ளங்கள் யப்பான் கரையிலே உடைந்து ஒதுங்கின. சிலவற்றிலே பிணங்கள் கிடந்தன. யப்பானியர் அவற்றைப் பேய்ப்படகு என்றனர். அந்த வள்ளங்களைப் பேயாக்கியது எது என்பது, மேலே நின்ற கண் 900 கலங்களை எண்ணிய பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. ஆகவே, இக்கண் நமக்கு வேண்டாம் என்போரோடு நாம் சேரோம். அக்கண் இல்லாதிருந்தால் அம்மனிதரின் சாவுக்குக் காரணம் புயல் என்று எழுதி ஏட்டை மூடியிருப்பார்கள்.

இனி, கைகொட்டும் கட்சியாரிடம் வருவோம். நண்பர்களே, இயந்திரம் அளந்த நீளத்தை நீங்கள் வேதவாக்காகக் கொள்கின்றீர்கள். அது எப்படி அளக்கின்றது என்று கேட்டதுண்டா?

சென்ரினல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 10 மீற்றருக்கு 10 மீற்றர். இரண்டு பொருளை இரண்டென்று பிரித்தறியும் திறனோ சுமார் 20 மீற்றர். 50 மீற்றர்க் கப்பல் அதிலே ஐந்து புள்ளி. அந்த ஐந்து புள்ளியும் ஒழுங்காக நிற்பதில்லை. உருக்கு மூலைகளிலே பட்ட அலை கண்கூசத் திரும்புவதால் ஒளி வழிந்து, கப்பல் தன் உடம்பைவிடப் பெரிதாகத் தோன்றும். ஓடுகின்ற கப்பல், அது இருக்கும் இடத்தைவிட்டு விலகிப் படத்திலே விழும். கப்பல் ஓரிடத்திலும் அதன் நீர்த்தடம் வேறிடத்திலும் கிடக்கும் விந்தையை இப்படங்களைப் பார்த்தோர் அறிவர். பக்கத்திற் பக்கமாகக் கட்டிய இரண்டு படகு ஒன்றாகத் தெரியும். மரமும் கண்ணாடி நாரும் றேடாருக்கு மங்கிய பொருட்கள். உயரம் குறைந்த விமானத்திலிருந்து எடுக்கும் ஒளிப்படத்திலே புள்ளி சிறிதாகும், அளவு திருத்தமாகும் என்பது உண்மையே. ஆனால் உலகக் கடல் முழுவதும் விமானம் ஓட்ட யாரிடம் பணம் உண்டு?

இவ்வளவு மங்கலிலிருந்து நீளத்தைக் கணிக்க இயந்திரம் எங்கே கற்றது? இதுதான் நாம் வாசகர்களை ஊன்றிக் கேட்கச் சொல்லும் இடம். படத்திலே கண்ட வெண்பொட்டை, அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று வானொலியில் தன் நீளத்தைச் சொன்ன கப்பலோடு பொருத்தி, "இந்தப் பொட்டுக்கு இந்த நீளம்" என்று ஆயிரம் ஆயிரமாகக் காட்டியே அதற்குக் கற்பித்தார்கள். அஃதாவது, இயந்திரத்தின் ஆசிரியன் அதே சொந்தக்காரன்! அவன் பதிந்த நீளமே பாடப்புத்தகம். பிழைகளைப் பொறுக்கி நீக்குகிறோம் என்பர். நீக்குகின்றனர் என்பதையும் ஏற்கின்றோம். ஆயினும் பாடம் சொல்லவந்த கப்பல்கள் யாவை? கருவி பூட்டிய கப்பல்கள், ஒழுங்காகப் பதிவு செய்த நாடுகளின் கப்பல்கள், உருக்குக் கப்பல்கள். கருவி பூட்டாத தென்னாசிய மரப்படகு அவ்வகுப்பறையிலே வாய்திறக்கவே இல்லை. ஒருவனைப் பற்றிய பாடம் படியாமலே அவனுக்குத் தீர்ப்பெழுத வரும் நடுவரை நாம் எங்கே சேர்ப்பது?

நேரமும் ஒரு பேச்சு. சென்ரினல் ஓரிடத்தைக் கடப்பது விடியலை அண்டியோ அந்தியை அண்டியோ. ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். இரட்டைச் செய்மதிகளில் ஒன்று 2021 டிசெம்பரில் பழுதுற்றுப் போயிற்று. அதன் இடத்துக்கு மற்றொன்று ஏவப்பட்டது 2024 டிசெம்பரில். நள்ளிரவிலே எல்லை கடந்து வந்து விடியுமுன் திரும்பும் படகை அந்தி நேரத்துக் கண் காண்பதெப்படி?

இதனை எழுதும்போது எமது கண்முன் நிற்பது பாக்கு நீரிணை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இரவிலே வடக்குக் கடலுக்குள் வந்து, அடித்தளத்தை வழித்து வாரி, நம்மவரின் வலைகளை அறுத்துச் செல்வது பல்லாண்டு வழக்கு. அடித்தள இழுவை மடியை இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தாற் குற்றமாக்கியது. 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் பற்றிய சட்டம் 2018இல் திருத்தப்பட்டுத் தண்டம் உயர்த்தப்பட்டது. அத்தண்டம் எதைப் பொறுத்தது தெரியுமா? கலத்தின் நீளத்தைப் பொறுத்தது. 50 இலட்சம் ரூபாவிலே தொடங்கி, நீளம் கூடக் கூட 17 கோடி 50 இலட்சம் ரூபா வரை ஏறுகின்றது. ஒரு மீற்றர் இப்பக்கமா அப்பக்கமா என்பதில் கோடிகள் கைமாறும் சட்டம் அது. படப்புள்ளியோ 10 மீற்றர்!

"பிடிபட்ட படகைக் கரையிலே கட்டி நாடாவால் அளக்கலாமே" என்று கேட்பர். அளக்கலாம், அளக்கிறார்கள். பிடிபட்ட படகிலே அகப்படுவோர் யார்? நாட்கூலிக்குப் போன மீனவர். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் உள்ள அவர்தம் வீட்டுப் பெண்கள் படும் துயரம் நமக்குத் தெரியாததன்று; அவரும் நமது மொழி பேசுவோரே. படகின் சொந்தக்காரன் கரையிலே இருக்கிறான். இயந்திரம் பயன்பட வேண்டிய இடம் அவன் வீட்டு வாசல். எத்தனை படகு, எந்த இரவு, எந்தக் கோட்டைக் கடந்து, எவ்வளவு நேரம் நின்றன என்ற கணக்கு இரு கரையின் அரசுகளின் மேசையிலும் கிடந்தால், "வழிதவறி வந்தனர்" என்ற பழைய பல்லவியைப் பேச்சுவார்த்தை மேசையிலே பாட முடியாது. அதற்கு இரவு விளக்கொளிப் படமும், கூரிய றேடார்ப் படமும், கரையோர றேடாரும் சேர வேண்டும். ஒரு செய்மதியின் ஒரு படத்தைக் காட்டி மார்தட்டும் வேலையன்று இது.

அத்தகைய கணக்கு நீதிமன்றத்துக்கு வருங்காலத்திலே என்ன ஆகும்? எமது தொழில் அதுவாகையால் இங்கே சற்றுத் தரிப்போம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம், 45ஆம் பிரிவிலே நிபுணரின் அபிப்பிராயத்துக்கு இடந்தருகின்றது. 51ஆம் பிரிவு அதற்கு ஒரு கடிவாளம் இடுகின்றது. உயிரோடிருக்கும் ஆளொருவரின் அபிப்பிராயம் ஏற்புடையதாயின், அவர் அதற்கு வந்த காரணங்களும் ஏற்புடையன என்பது அதன் பொருள். உயிரோடிருக்கும் ஆள்! ஒரு நூற்றாண்டுக்கு முன் அச்சொல்லை எழுதியவர் இக்காலத்தை நினைத்தா எழுதினார்? நில அளவையாளனைக் கூண்டிலே ஏற்றி, எந்தச் சங்கிலியால் அளந்தாய், சங்கிலியை எப்போது சரிபார்த்தாய் என்று கேட்கிறோம். இயந்திரத்தை ஏற்றி "ஏன் 41 மீற்றர் என்றாய்?" என்று கேட்டால், உள்ளே இலட்சக்கணக்கான எண்கள் இருக்கின்றன, காரணம் இல்லை. கணினிச் சான்றுக்கு வழிசெய்த 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் எழுதப்பட்டபோது கணினி என்பது கூட்டிக் கழிக்கும் கருவி. தானாகக் கற்று அபிப்பிராயம் சொல்லும் கருவியன்று.

மோப்பம் பிடித்துத் தடங்காட்டும் நாயை நாம் வெறுப்பதில்லை. அது காட்டிய திசையிலே பொலிசார் போகட்டும். நாயைக் கூண்டில் ஏற்றி அதன் குரைப்பைப் பதிவுசெய்து ஒருவனுக்குக் கோடி ரூபாத் தண்டம் விதிக்கலாகாது என்பதே எமது வாதம். இயந்திரம் சொன்ன நீளத்தோடு அதன் பிழையளவையும் வெளியிடுக. எந்தப் படங்களைக் காட்டிக் கற்பித்தீர் என்பதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொடுக்குக. 41 என்று ஒற்றை எண்ணைச் சொல்லாது, 33க்கும் 49க்கும் இடையில் என்று உண்மையைச் சொல்லுக. அப்படிச் சொல்லும் அளவு சட்டப்படியின் எல்லையிலே இருபக்கமும் விழுமாயின், ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது. இஃது இழுவைப் படகுக்காரனுக்கு நாம் காட்டும் சலுகையன்று. இன்று அவனுக்கு எதிராக வளைத்த சட்டம் நாளை மயிலிட்டிக்காரனுக்கும் பேசாலைக்காரனுக்கும் எதிராக வளையும்.

ஏன் வளையும் என்கிறோம்? 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தன் சந்தையை மூடியது. ஆழ்கடலிலே நமது பலநாட் கலங்களைக் கண்காணிக்க அரசுக்கு ஒழுங்கில்லை என்பது காரணங்களில் ஒன்று. சந்தை திரும்பத் திறந்தது 2016 யூனில். அதற்கிடையிலே பலநாட் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டும் வேலை நடந்தது. நன்று, களவைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் உலகின் பெருங்கலங்களில் நாற்பங்கில் மூன்று பங்கு பொது ஏட்டிலே இல்லை என்று பின்னர் தெரிந்ததே, அவற்றின் சொந்தக்காரருக்கு எந்தச் சந்தை மூடப்பட்டது? வறிய நாட்டுக் கலத்துக்குக் கழுத்திலே மணி. பெருமுதலாளியின் கலத்துக்கு இருளிலே வழி. இந்த ஓரவஞ்சனையை எண்ணோடு எடுத்துக்காட்டும் கருவி இப்போதுதான் கிடைத்திருக்கின்றது. அதை எடுத்துப் பேச வேண்டியது இலங்கையைப் போன்ற நாடுகளின் கடமை.

இனி, கருவி காணாத கலத்துக்கு வருவோம். வடக்குக் கடலிலே ஓடும் கண்ணாடிநார் வள்ளம் 18 முதல் 23 அடி. மீற்றர்க் கணக்கில் ஏழு தாண்டாது. சென்ரினலின் ஒரு புள்ளிக்குள்ளே அவ்வள்ளம், இயந்திரம், வலை, அதில் உள்ள இருவர், அவர்களை நம்பிக் கரையிலே இருக்கும் குடும்பம் எல்லாம் அடங்கிக் காணாமற் போகும். 15 மீற்றருக்குக் குறைந்த கலங்கள் பெரும்பாலும் அவ்வாய்வின் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று ஆய்வாளரே சொல்லியிருக்கின்றனர். குற்றம் அவரிடம் இல்லை. குற்றம், அப்படத்தைச் சுவரிலே மாட்டிவைத்து, "இக்கடல் வெறுமையாக இருக்கிறதே, இதனைக் குத்தகைக்குக் கொடுக்கலாமே" என்று சொல்லப்போகும் அதிகாரியிடம் இருக்கும். கடலட்டைப் பண்ணைக்கு இடம் ஒதுக்கியபோதே களங்கண்ணி வலைக்காரனும் தூண்டிற்காரனும் பட்ட பாட்டைத் தீவகத்தார் அறிவர். நாளை காற்றாலை வரும், எண்ணெய் தேடுவோர் வருவர், கம்பி பதிப்போர் வருவர். ஒவ்வொருவரும் ஒரு படத்தோடு வருவர். அப்படத்திலே நமது வள்ளம் இராது.

நீளத்தை வைத்துக் கோடு கிழிக்கும் சட்டம் எங்கும் இப்படித்தான் ஏமாறுகின்றது. பிரித்தானியாவிலே 10 மீற்றருக்குக் குறைந்த படகுக்கு இளக்கமான விதி என்றதும், 10 மீற்றருக்கு ஒரு விரற்கடை குறைவாக, அகலமும் வலுவும் மிகுந்த படகுகளைக் கட்டினர். விதியை வென்ற படகு என்று அவற்றுக்குப் பெயரே ஏற்பட்டது. மூர்சம் காலத்துக் கூத்தின் பேரப்பிள்ளை அது. மேலிருந்து நீளத்தை மாத்திரம் பார்க்கும் இயந்திரமும் அதே வலையில் விழும். எந்திரத்தின் வலுவும், வலையின் வாயும், கடலிலே நின்ற மணிக்கணக்கும் சேர்ந்ததே ஒரு கலத்தின் உண்மையான அளவு.

ஆகவே நாம் கேட்பது இது. இந்தோனேசியா 2017இல் தன் கலங்களின் கண்காணிப்புத் தரவை உலகறிய வெளியிட்ட முதல் நாடாயிற்று. பெருவும் சிலியும் பின்தொடர்ந்தன. பாதுகாப்பு என்ற பூட்டைப் போட்டுக் கடலின் கணக்கை அறைக்குள் வைத்திருக்கும் அரசுகளுக்கு அதனால் வானம் இடிந்து விழவில்லை என்பது அந்நாடுகளைப் பார்த்தாலே விளங்கும். பாக்கு நீரிணையின் செய்மதிக் கணக்கு, இரவுக் கணக்கும் சேர்த்து, தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் வெளியிடப்படல் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் வள்ளங்களின் எண்ணிக்கையையும், தொழில் செய்யும் பாட்டின் எல்லையையும், பருவத்தையும் தாமே எழுதிப் பதிந்து, அப்பதிவு செய்மதிப் படத்தோடு ஒருங்கே வைக்கப்படாத எந்தக் குத்தகைப் படமும் சட்டத்தின் முன் செல்லாது என்று விதி செய்யப்படல் வேண்டும். தண்டம் விதிக்கும் வழக்கிலே இயந்திர அளவு தனித்து நின்று குற்றத்தை நிரூபிக்கலாகாது என்ற திருத்தம் சான்றுச் சட்டத்திலே ஏற வேண்டும். சங்கங்களின் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை: அரசு தரும்வரை காத்திராதீர்கள். சென்ரினல் படங்கள் எவர்க்கும் இலவசம். உங்கள் பிள்ளைகளில் பல்கலைக்கழகத்திலே கணினி படிக்கும் ஒருவரை அழைத்து, உங்கள் கடலின் படத்தை இறக்கி, அதில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நீங்களே பாருங்கள். தெரியாதவற்றின் பட்டியலே உங்கள் முதல் ஆவணம்.

கடற்றொழில் அமைச்சின் செலவினம் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்படும் நாளில், வடக்குக் கிழக்கு உறுப்பினர் எவரேனும் எழுந்து அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: விலையின்றிக் கிடைக்கும் இப்படங்களை நாள்தோறும் நோக்கிக் கணக்கெழுதுவதற்கென்று அமைச்சிலே ஒரு மேசையும் இரண்டு உத்தியோகத்தரும் உளரா? உளராயின், அவர் எழுதிய கணக்கு எங்கே? அமைச்சர் தரும் மறுமொழியை, அது எதுவாயினும், ஓரெழுத்தும் குறையாமல் இப்பக்கத்திலே வெளியிடுவோம்.